நடத்துபவர் மாறினால் நிகழ்ச்சி நலியுமா?



“அவர் இருந்த வரையில் நன்றாக இருந்தது, இப்போது முன்போல் இல்லை.” இந்த வாக்கியத்தைக் கேளாத காதுகள் நம் நாட்டில் இரா. ஊர்ச் சாவடியில் பழைய தலைவரைப் பற்றிச் சொல்வார்கள். உணவு விடுதியில் பழைய சமையற்காரரைப் பற்றிச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து வாயிலில் பழைய தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லுகிறவர் ஒரு பெருமூச்சு விடுவார், கேட்கிறவர் தலையசைப்பார். வழக்கு அத்துடன் முடிந்து விடும். சான்று கேட்பார் ஒருவரும் இல்லை.

இந்தத் தீர்ப்பு எத்துணை உண்மை என்பதை இன்று நாம் சிறிது ஆராய்ந்து பார்ப்போம். ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், நீங்கள் மாலையில் வீட்டில் காண்கின்ற தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியே. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். ஆனால், ஆய்வாளர் ஒருவர் தவளையை அறுத்துப் பார்ப்பது தவளைக்காக மட்டும் அன்று. உயிர்களின் உடல் இயங்கும் முறையை அறிவதற்காக. அதுபோலவே, பல்லாண்டு நடந்துவரும் ஒரு போட்டியில் அதை நடத்துபவர் மாறும்போது என்ன நேர்கிறது என்று பார்த்தால், ஒரு நிறுவனத்திற்கும் தனி மனிதர்க்கும் உள்ள உறவு நமக்கு விளங்கும். அந்த அறிவு நாளை உங்களுக்குப் பயன்படும்.

இத்தகைய நிகழ்ச்சிகள் நெடுங்காலம் வாழ்ந்த நாடு அமெரிக்கா. அங்கே ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ என்றொரு போட்டி உண்டு. கடையில் விற்கும் பொருள்களின் விலையைச் சரியாக ஊகிப்பவர் பரிசு பெறுவார். 1956-ஆம் ஆண்டில் பில் கல்லன் என்பவரைக் கொண்டு அது தொடங்கியது; 1965-இல் நின்றது. பின்பு 1972-இல் புதிய உருவில் மீண்டும் எழுந்தது. அப்போது நடத்த வந்தவர் பாப் பார்க்கர். அவர் 35 ஆண்டுகள் அந்த மேடையில் நின்றார். பள்ளிக்குச் செல்லும் முன் அவரைப் பார்த்த குழந்தைகள், தம் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கும் காலம் வந்தது. 2007-ஆம் ஆண்டில், தமது 83-ஆம் வயதில், அவர் ஓய்வு பெற்றார்.

அவருக்குப் பின் வந்தவர் டிரூ கேரி என்னும் நகைச்சுவை நடிகர். பலரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. “முன்போல் இல்லை” என்றார்கள். தொடக்கத்தில் அவர் சிறிது இடறியதும் உண்டு. 2008-ஆம் ஆண்டில் ஒரு போட்டியாளர் இறுதிப் பரிசுத் தொகுதியின் விலையை ஒரு டாலரும் பிசகாமல் சரியாகச் சொன்னார். காண்போர் மகிழ்ந்து ஆரவாரிக்க வேண்டிய நேரம் அது. ஆனால் கேரி, இதில் ஏதோ சூது இருக்குமோ என்று ஐயுற்று, சாரமற்ற குரலில் அந்த வெற்றியை அறிவித்தார். அனுபவம் முதிர்ந்தவராயின் ஐயத்தை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தை மலர வைத்திருப்பார். எனினும் நாளடைவில் கேரி அந்த மேடைக்குப் பழகினார். மேடையும் அவருக்குப் பழகியது. அவர் வந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகியும் நிகழ்ச்சி நிற்கவில்லை.

இதில் ஒரு சிறு செய்தியைக் கவனியுங்கள். வளர்ப்பு விலங்குகளுக்குக் கருத்தடை செய்து, அவை ஆதரவின்றிப் பெருகாமல் காக்க வேண்டும் என்று வேண்டி நிகழ்ச்சியை முடிப்பது பார்க்கரின் வழக்கம். கேரி தம்முடைய பாணியில் பேசினார். தம்முடைய நகைச்சுவையைக் கொண்டுவந்தார். ஆனால் அந்த இறுதி வேண்டுகோளை மட்டும் விடாமல் தொடர்ந்தார். முன்னவரைப் போல் நடிக்கவும் இல்லை. முன்னவரை மறக்கவும் இல்லை. பின் வருவோர்க்கு இஃது ஒரு பாடம்.

இரண்டாவதாக ‘ஜெபர்டி’ என்னும் வினா விடைப் போட்டியைப் பார்ப்போம். மெர்வ் கிரிஃபின் என்பவர் உருவாக்கியது இது. இதில் ஒரு புதுமை உண்டு. விடை போன்றதொரு குறிப்பை முதலில் தருவார்கள். அதற்குரிய வினாவைப் போட்டியாளர் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டத்தில் முதற்சுற்றில் 30, இரண்டாஞ்சுற்றில் 30, இறுதியில் ஒன்று ஆக 61 குறிப்புகள். 1964-இல் ஆர்ட் ஃபிளெமிங் இதை நடத்தினார். 1984-இல் இப்போதைய வடிவம் தொடங்கியபோது அலெக்ஸ் டிரெபெக் வந்தார். 8,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை அவர் நடத்தினார். அவரிடத்தில் ஓர் அருங்குணம் இருந்தது. தம்மை ‘நட்சத்திரம்’ என்று அறிமுகம் செய்ய வேண்டா, ‘நடத்துபவர்’ என்று சொன்னாற் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டார். போட்டியிடுகிறவர்களே அந்த மேடையின் நட்சத்திரங்கள் என்பது அவர் கொள்கை.

2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமக்குக் கணையத்தில் புற்றுநோய் முற்றியிருப்பதை அவரே மக்களுக்கு அறிவித்தார். நோயோடு போராடிக்கொண்டே மேடைக்கு வந்தார். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி வரையில் பணியாற்றினார். நவம்பர் 8-ஆம் நாள், 80-ஆம் வயதில் மறைந்தார். ஒரு நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய இழப்பு நேர முடியாது. ஆட்டம் நலிந்ததா?

ஆட்டம் நலியவில்லை, ஆனால் ஆட்சி தடுமாறியது. 2021-ஆம் ஆண்டின் முற்பகுதியில் வாரத்துக்கு ஒருவர், இரு வாரத்துக்கு ஒருவர் என்று விருந்தினர் பலர் வந்து நடத்தினர். ஆட்டத்தைப் பற்றிய பேச்சுக் குறைந்து, அடுத்தவர் யார் என்ற பேச்சே பெருகிற்று. ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ச்சியின் நிருவாகத் தயாரிப்பாளராகிய மைக் ரிச்சர்ட்ஸையே தேர்ந்தெடுத்தனர். முற்காலத்தில் அவர் பேசிய தகாத பேச்சுக்கள் சில வெளிப்படவே, சில நாள்களிலேயே அவர் விலகினார். அவர் பதிவு செய்தவை ஐந்து ஆட்டங்கள் மட்டுமே. பின்பு மயிம் பியாலிக் என்னும் நடிகையும் கென் ஜென்னிங்ஸும் பகிர்ந்து நடத்தினர். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பொறுப்பு ஜென்னிங்ஸ் ஒருவரிடமே வந்து சேர்ந்தது.

யார் இந்த ஜென்னிங்ஸ்? 2004-ஆம் ஆண்டில் அதே மேடையில் போட்டியாளராக நின்று, தொடர்ச்சியாக 74 ஆட்டங்களில் வென்றவர். பணியை முதன்முதல் ஏற்ற நாளன்று, டிரெபெக்கின் இடத்தை எவராலும் நிரப்ப இயலாது. அவர் நேசித்த ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்னும் கருத்துப்பட அவர் பேசினார். ஆட்டத்தின் உள்ளிருந்து வந்தவராதலின், ஆட்டம் பெரிது, தாம் சிறியவர் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்னொன்றும் நோக்குக. நடத்துபவர் யார் என்ற குழப்பம் தீராத அந்த 2021, 2022 ஆண்டுகளிலேயே போட்டியாளர் ஒருவர் 38 ஆட்டங்களும், மற்றொருவர் 40 ஆட்டங்களும் தொடர்ந்து வென்று நாட்டின் கண்களைத் தம்பால் ஈர்த்தனர். தேர்ப்பாகன் மாறிக்கொண்டிருந்தான், குதிரைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இனி மூன்றாவது சான்று, ‘ஃபேமிலி ஃபியூட்’. இதில் இரண்டு குடும்பங்கள் மோதும். முன்கூட்டியே நூறு பேரிடம் ஒரு வினாவைக் கேட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் மிகுதியாகச் சொன்ன விடை எது என்பதைக் குடும்பத்தார் ஊகிக்க வேண்டும். 1976-இல் ரிச்சர்டு டாசன் இதைத் தொடங்கி வைத்தார். 1985-இல் நிகழ்ச்சி நின்றது. 1988-இல் ரே கோம்ஸ் என்பவரைக் கொண்டு மீண்டும் தொடங்கினர். சில ஆண்டுகளில் ஆதரவு குறைந்தது. உடனே என்ன செய்தார்கள்? “பழையவரை அழைத்து வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று 1994-இல் டாசனையே அழைத்து வந்தார்கள். 1995-இல் நிகழ்ச்சி மறுபடியும் நின்றது! பழையவர் போனதுதான் நலிவுக்குக் காரணம் என்றால், பழையவர் வந்ததும் நலிவு நீங்கியிருக்க வேண்டும் அல்லவா? நீங்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 1999-இல் லூயி ஆண்டர்சன், 2002-இல் ரிச்சர்டு கார்ன், 2006-இல் ஜான் ஓ ஹர்லி என்று மூவர் வந்து சென்றனர். 2010-ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஹார்வி என்னும் நகைச்சுவையாளர் வந்தார். நிகழ்ச்சி மளமளவென்று வளர்ந்து, நாட்டின் முன்னணிப் போட்டிகளுள் ஒன்றாயிற்று. தொடங்கி 34 ஆண்டுகள் கழித்து, ஆறாவதாக வந்தவர் கையில் அது இளமை பெற்றது. ஆகவே, மாற்றம் என்றாலே நலிவு என்னும் கூற்று இங்கே முறிந்து விடுகிறது.

மாணவர்களே, நான் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று எண்ணாதீர்கள். மறுபக்கச் சான்றும் உண்டு. இலண்டனில் 1998-ஆம் ஆண்டில் தோன்றிய ‘கோடீசுவரன்’ போட்டியின் இந்திய வடிவமே ‘கௌன் பனேகா குரோர்பதி’. 2000-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அமிதாப் பச்சன் இதைத் தொடங்கினார். 2007-ஆம் ஆண்டில் ஷாருக் கான் நடத்தினார். அவர் புகழில் குறைந்தவரா? அல்லர். பேச்சில் தளர்ந்தவரா? அதுவும் அன்று. ஆயினும் அந்த நிகழ்ச்சி முன்புபோல் மக்கள் உள்ளத்தில் இடம்பெறவில்லை. 2010-இல் பச்சனே மீண்டும் வந்தார். அதன்பின் ஆண்டுகள் பல அது அவர் பெயராலேயே நிலைபெற்றது. இதே போட்டியின் தமிழ் வடிவம் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’. அதை 2012-இல் சூர்யாவும், 2013-இல் பிரகாஷ்ராஜும், 2016-இல் அரவிந்த் சாமியும் நடத்தினர். பருவத்துக்கு ஒருவர் என மாறியதனாலோ என்னவோ, இந்தியில் பச்சனுக்கு வாய்த்தது போன்ற நெடிய பிணைப்பு இங்கே எவருக்கும் வாய்க்கவில்லை.

டாசன் திரும்பி வந்தும் பயன் இல்லை. பச்சன் திரும்பி வந்ததும் பயன் விளைந்தது. இந்த வேறுபாடு ஏன்? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

நம் ஊர்களில் திருவிழாவும் உண்டு. இசைக் கச்சேரியும் உண்டு. திருவிழாவை முன்னின்று நடத்துபவர் மாறுவார். விழா ஆண்டுதோறும் நடக்கும். கச்சேரியோ வித்துவானோடு வருகிறது, வித்துவானோடு போகிறது. தொலைக்காட்சிப் போட்டிகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ‘ஜெபர்டி’ பெரும்பாலும் திருவிழாவைச் சேர்ந்தது. அதில் 61 குறிப்புகளும் மணி ஒலியும் போட்டியாளரின் விரைவுமே முக்கியம். நடத்துபவர் தெளிவாகப் படித்து, நடுநிலையோடு தீர்ப்புச் சொன்னாற் போதும். ‘குரோர்பதி’யோ கச்சேரியைச் சேர்ந்தது. ஒரு மேசை, எதிரெதிரே இருவர். எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து வந்த ஆசிரியை நடுங்கிக்கொண்டே அமர்ந்திருப்பார். அவர் அச்சத்தைப் போக்கி, அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டு, விடையை உறுதி செய்யுமுன் ஒரு கணம் மௌனம் காத்து, காண்போர் நெஞ்சைத் துடிக்கவிடும் கலை அது. வினாத்தாள் அங்கே பாதி, மனிதர் பாதி. ஆகவே மனிதர் மாறினால் பாதி நிகழ்ச்சி மாறிவிடுகிறது.

நிகழ்ச்சியின் பாரத்தில் எவ்வளவு பங்கை நடத்துபவர் சுமக்கிறார் என்பதே முதற்கேள்வி. அவர் சுமக்கும் பங்கு பெரிதானால் மாற்றத்தின் விளைவும் பெரிதாகும். அந்த விளைவு தீமையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்டீவ் ஹார்வியின் வெற்றியை நினைவு கொள்ளுங்கள். எதிர்பாராத விடைகளுக்கு அவர் முகம் காட்டும் வியப்பே அங்கே விருந்தாயிற்று.

அடுத்து, காரண காரியங்களை ஆராயும்போது நாம் வழுக்கி விழக்கூடிய இடங்கள் மூன்று உண்டு. அவற்றைச் சொல்லிவிடுகிறேன், தேர்வில் வாராவிட்டாலும் வாழ்வில் வரும்.

முதலாவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால், முன்னது பின்னதற்குக் காரணமாகி விடாது. அமெரிக்காவில் ‘கோடீசுவரன்’ போட்டியை 1999-ஆம் ஆண்டில் ரீஜிஸ் ஃபில்பின் தொடங்கினார். நாடே அதைப் பார்த்தது. ஆசை மிகுந்த தொலைக்காட்சி நிறுவனம் அதை வாரத்தில் பல இரவுகள் ஒளிபரப்பியது. அமுதமானாலும் அளவு மீறினால் திகட்டும் அல்லவா? 2002-இல் அந்த இரவு நிகழ்ச்சி நின்றது. நடத்தியவர் அன்றும் ஃபில்பினே! நடத்துபவர் மாறாமலே ஒரு நிகழ்ச்சி நலியலாம் என்பதற்கு இது சான்று. அவர் இடையில் மாறியிருந்தால், பாவம், பின் வந்தவர் தலையில் அந்தப் பழி முழுதும் விழுந்திருக்கும்.

இரண்டாவது, காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாகக் காண்பது. வைத்தியர் போகும் வீடுகளில் எல்லாம் நோயாளி இருக்கிறார். ஆதலால் வைத்தியரே நோய்க்குக் காரணம் என்று ஒருவன் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பல நிகழ்ச்சிகளில் ஆதரவு குறையத் தொடங்கிய பின்னரே நடத்துபவரை மாற்றுகிறார்கள். 1994-ஆம் ஆண்டு மாற்றம் அத்தகையது. அங்கே மாற்றத்தால் நலிவு வரவில்லை. நலிவால் மாற்றம் வந்தது.

மூன்றாவது, அண்டை வயலைப் பாராமை. புதிய குத்தகைக்காரர் வந்த ஆண்டில் விளைச்சல் குறைந்தது என்று கொள்வோம். குற்றம் அவர் மேலதா? அதே ஆண்டில் ஊர் முழுதும் மழை பொய்த்ததா என்று கேட்க வேண்டாவா? இந்த நூற்றாண்டில் கைப்பேசியும் இணையமும் வந்தபின், குறித்த நேரத்தில் தொலைக்காட்சிமுன் அமரும் வழக்கமே குறைந்து விட்டது. ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போர் தொகை குறைந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதே காலத்தில் மற்ற நிகழ்ச்சிகள் குறைந்த அளவைவிட இது மிகுதியாகக் குறைந்ததா என்று காட்ட வேண்டும்.

இங்கிலாந்து நாட்டில் மாணவர்களுக்கென்றே நடக்கும் ஒரு போட்டியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘யுனிவர்சிட்டி சேலஞ்சு’ என்பது அதன் பெயர். பல்கலைக்கழக அணிகள் அதில் மோதும். 1962 முதல் 1987 வரை பாம்பர் காஸ்கோயின் நடத்தினார். இனிய சொல்லும் பணிவும் உடையவர். சில ஆண்டுகள் நின்று, 1994-இல் அது மீண்டும் தொடங்கியபோது வந்தவர் ஜெரமி பாக்ஸ்மன். தவறான விடை சொன்ன மாணவரைப் புருவம் உயர்த்தியே குறுக வைக்கும் கண்டிப்பு அவருடையது. அவரும் 2023 வரை நடத்தினார். பின்பு அமோல் ராஜன் வந்தார். மென்மையானவர் நடத்தியபோதும் போட்டி வாழ்ந்தது. கடுமையானவர் நடத்தியபோதும் வாழ்ந்தது. ஏனெனில், வினாக்கள் தரம் தாழவில்லை. விடை சொல்லும் மாணவரின் ஆர்வம் தணியவில்லை. வேர் ஆழமாக இருந்தால் கிளைகள் எப்பக்கம் வளைந்தாலும் மரம் நிற்கும்.

நம் நாட்டு வானொலிக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1972-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘போர்ன்விட்டா வினா விடைப் போட்டி’யை முதலில் ஹமீது சயானி நடத்தினார். 1975-இல் அவர் மறையவே, அவருடைய தம்பி அமீன் சயானி அப்பொறுப்பை ஏற்றார். பின்னர்த் தொலைக்காட்சிக்குச் சென்றபோது டெரெக் ஓ பிரையன் நடத்தினார். குரல் மாறியது, ஊடகமே மாறியது, பள்ளிப் பிள்ளைகள் போட்டியிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இவ்வளவும் பிறரைப் பற்றிய கதை. இனி என் கதையைச் சொல்ல வேண்டும். இந்தப் பொருள் என் உள்ளத்தைத் தொட்டதற்குக் காரணமே அதுதான்.

உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு நான் தலைமையாசிரியனாகச் சென்றேன். எனக்கு முன்பிருந்தவர் 22 ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்தவர். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கெல்லாம் கையில் குடையுடன் பள்ளி வாயிலில் நிற்பார். தாமதமாக வரும் மாணவனை ஒரு சொல்லும் கடிந்துகொள்ள மாட்டார். குடையால் தரையை ஒரு முறை தட்டுவார். அவ்வளவே. மறுநாள் அந்த மாணவன் எட்டு மணிக்கே வந்து நிற்பான்.

நான் சென்ற முதலாண்டில் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றோர் தொகை குறைந்தது. ஊரார் பெருமூச்சு விட்டனர். என் காதில் விழும்படியே, “அவர் காலத்தில் இப்படி இல்லை” என்றனர். நானும் அதை நம்பினேன். உண்மையைச் சொல்வதற்கு வெட்கம் என்ன? ஒரு குடை வாங்கி, காலையில் வாயிலில் போய் நின்றேன். தாமதமாக வந்த ஒரு பையனைக் கண்டதும் குடையைத் தரையில் தட்டினேன். அவன் சிரித்து விட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் முதல் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

பிறகு அமர்ந்து பழைய மதிப்பெண் பதிவேடுகளைப் புரட்டினேன். அந்த மாணவர்கள் எட்டாம் வகுப்பிலேயே கணக்கில் பின்தங்கியிருந்தார்கள். கணக்காசிரியர் பணியிடம் மாதக்கணக்கில் நிரப்பப்படாமல் இருந்திருக்கிறது. அந்த நலிவு நான் வருமுன்பே வேர்விட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. முன்னவர் மாலையில் ஒரு மணி நேரம், மெலிந்த மாணவர்களை மரத்தடியில் அமர்த்திப் படிக்க வைப்பது வழக்கம். அதை எவரும் என்னிடம் சொல்லவில்லை. எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் போனதும் அந்த வகுப்பும் போய்விட்டது. பள்ளி இழந்தது ஒரு மனிதரை மட்டும் அன்று; அம்மனிதரோடு சேர்ந்துபோன ஒரு நற்பழக்கத்தையும்தான். மனிதரை மீட்க எனக்கு ஆற்றல் இல்லை; பழக்கத்தை மீட்கலாம். மறுவாரமே அந்த மரத்தடி வகுப்பைத் தொடங்கினேன். அதற்கென ஒரு குறிப்பேடும் வைத்தேன். யார், எந்நாள், எதை நடத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன.

ஆண்டுகள் ஓடின. நானும் ஓய்வு பெற்றேன். என் பின்வந்தவர் இளைஞர். நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில் அவ்வழியே நடந்து சென்றேன். எங்கள் பள்ளியில் மணி என்பது மரக்கிளையில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. பணியாளர் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். ஊர் எல்லை வரையில் கேட்கும். அன்று அந்த ஓசை கேட்கவில்லை. மின்சார மணி ஒன்று கிர்ரென்று ஒலித்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியாரிடம், “பள்ளிக்கூடம் முன்போல் இல்லை” என்றேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டே, “உங்களைப் பற்றியும் இதைத்தானே சொன்னார்கள்?” என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. மாலையில் மீண்டும் அந்தப் பக்கம் சென்றேன். மரத்தடியில் மாணவர்கள் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மணியின் ஓசை மாறினால் மாறட்டும் என்று திரும்பி வந்தேன்.

எனவே, நடத்துபவர் மாறினால் நிகழ்ச்சி நலியுமா என்ற வினாவிற்கு நான் கண்ட விடை இது. மாற்றத்தினால் மட்டும் எதுவும் நலிவதில்லை. தனி மனிதரின் திறனையே முழுதும் நம்பி நிற்பது, அவர் போனதும் ஆட்டங்காணும். நல்ல முறைகளைத் தன்னுள் வைத்துக்கொண்டு நிற்பது சிறிது தடுமாறி மீண்டும் நிமிரும். தடுமாறும் அந்த இடைக்காலத்தில் பார்ப்பவர்க்குப் பொறுமை வேண்டும்; பின்வந்தவர்க்குப் பணிவு வேண்டும்; பொறுப்பாளர்க்குத் தெளிவு வேண்டும். 2021-இல் ‘ஜெபர்டி’ பட்ட பாடெல்லாம் அந்தத் தெளிவு இல்லாமையால் வந்ததே.

மாணவர்களே, நீங்கள் பள்ளியில் இலக்கிய மன்றச் செயலராக இருப்பீர்கள். விளையாட்டு அணித் தலைவராக இருப்பீர்கள். ஆண்டு முடிந்ததும் வேறொருவர் வருவார். அவரிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் செய்தவற்றையும், செய்து தவறியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் பின்வந்தவராக இருந்தால், முன்னவரின் குடையை வாங்கித் தட்டிக்கொண்டு நிற்க வேண்டா. அவருடைய மரத்தடி வகுப்பு எது என்று தேடுங்கள். யாரேனும் “முன்போல் இல்லை” என்று பெருமூச்சு விட்டால், உடனே தலையசைக்காமல், “எது குறைந்தது? எப்போது குறையத் தொடங்கியது? அண்டை வயல் எப்படி இருக்கிறது?” என்று மெல்லக் கேளுங்கள்.

இன்னொரு நாள் இந்த வானொலி ஒலிவாங்கியின்முன் வேறொருவர் அமர்ந்து உங்களோடு பேசுவார். அவரையும் செவி சாய்த்துக் கேளுங்கள்.